தண்ணீருக்காகச் சண்டை போட்ட டாக்டரம்மா

விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் வாசலில் வண்டியைக்கூட அணைக்காமல் கத்தினார். “அண்ணி, சுலோச்சனா டாக்டரம்மா போயிட்டாங்க. வீரபாண்டிப் பிரிவுல துணி மூட்டை ஏத்துன லாரி அடிச்சிருச்சுங்க. அடையாளமே தெரியலீங்க...” எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இத்தனை பேர் நெஞ்சைத் திறந்துவிட்டவளை ஒரு லாரிச் சக்கரத்துக்கா கொடுப்பாய் என்று முருகன் படத்தைப் பார்த்துக் கேட்டேன்.

டாக்டரம்மாவிடம் இருதயத்தைக் காட்டி, திட்டு வாங்காமல் திரும்பியவர் நம் பக்கத்தில் யாருமே இருக்க முடியாது. அப்படித் திட்டு வாங்கியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். டாக்டரம்மா தெற்கத்திக்காரர். நாம் வார்த்தைக்கு வார்த்தை போடுகிற ‘ங்க’ அவர் ஆண்களிடம் பேசும்போது வராது. அதற்கே பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது.

என் கணவர் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பல வருஷமாகச் சர்க்கரை. கட்டிங் மேசை முன்னால் நின்று நின்று இடுப்பு வலி. அதற்கு மருந்துக் கடையில் தானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்று போனதற்கு, ரத்தக் குழாயில் மருந்துச் சாயம் செலுத்திப் படம் பிடிக்க வேண்டும், ஆஞ்சியோ என்றார் டாக்டரம்மா. வெறும் வயிற்றோடு வரச் சொன்ன நாள் சஷ்டியாக அமைந்தது. முருகனே நாள் குறித்துக் கொடுத்தான் என்று இவர் முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்தே தண்ணீரையும் விட்டுவிட்டார்.

“நாக்க நீட்டும்,” என்றார் டாக்டரம்மா. “சருகா காஞ்சு கெடக்கு. எப்பத் தண்ணி குடிச்சீரு?”

“சஷ்டிங்க. பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாதுங்க.”

“கிட்னியக் குடுத்தவனும் அவன்தான? அதக் காயப்போட்டுட்டு அவன்கிட்டயே வந்து வரம் கேப்பீரா?”

ரத்தப் பரிசோதனை வந்தது. சிறுநீரகம் ஏற்கெனவே சோர்ந்திருந்தது. இன்றைக்கு ஆஞ்சியோ கிடையாது என்றார். கடையில் வாங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அதை அடியோடு நிறுத்தச் சொன்னார், சர்க்கரை மாத்திரையில் ஒன்றை அப்போதைக்கு நிறுத்தினார், சலைன் ஏற்றச் சொன்னார். நான் விழிப்பதைப் பார்த்து, “உங்க ஊர் ஆத்தப் பாத்திருக்கீங்கல்லா? தண்ணி ஓடாதப்ப சாயப்பட்டறைச் சாயம் எறங்குனா என்ன ஆகும்? இவரு உடம்பு இப்ப அந்த ஆறு. மொதல்ல தண்ணி ஓடட்டும்,” என்றார்.

அந்த நேரத்தில்தான் கொழுந்தனார் நாலு ஆட்களோடு வந்தார்.

“ஏனுங்க, நெஞ்சு வலின்னு கூட்டியாந்தவரைப் படுக்க வெச்சு உப்புத்தண்ணி ஏத்தறீங்க? பில்லு ஏறோணுங்களா?”

“பில்லுக்குன்னா இந்நேரம் உள்ள தூக்கிட்டுப் போயிருப்பேன். வெளிய நில்லும்.”

“நில்லுமா? ஆருகிட்டப் பேசறீங்கன்னு தெரியுமுங்களா?”

கொழுந்தனார் இரும்பு முக்காலியைத் தூக்கி எறிந்தார். கதவுக் கண்ணாடி நொறுங்கி என் காலடி வரை சிதறியது. அடுத்து சலைன் புட்டி தொங்கிய கம்பியைப் பிடித்து இழுத்தார். ஊசி பிய்த்துக்கொண்டு வந்து என் கணவர் கையிலிருந்து ரத்தம் படுக்கையெல்லாம் வடிந்தது. டாக்டரம்மா குறுக்கே பாய்ந்து கம்பியைப் பிடித்தார். கொழுந்தனார் அவரை அறைந்தார். மூக்குக்கண்ணாடி தெறித்தது, உதடு கிழிந்தது. விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ கம்பியை விடாமல், மற்றக் கையால் திருப்பி அறைந்தார். கொழுந்தனார் சுவரில் போய் மோதினார்.

“சிஸ்டர், அடுத்த கையில ஊசி போடு. டிரிப் நிக்கக் கூடாது. போலீசுக்கும் ஒரு போனப் போடு.” ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அண்ணி, கெளம்புங்க! வேற ஆஸ்பத்திரில இப்பவே ஆஞ்சியோ எடுத்துத் தருவாங்க!” என்று கொழுந்தனார் கத்தினார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “பொண்டாட்டி நீங்கதான? சொல்லுங்க. இந்த நெஞ்சு ஒரு நா தாங்கும், நான் பக்கத்துலயே இருப்பேன். காஞ்ச கிட்னி சாயத்தத் தாங்குமான்னு எனக்குச் சொல்ல முடியாது. அது போச்சுன்னா வாரா வாரம் டயாலிசிஸ் மெஷின்ல படுக்கணும்.”

குடும்பத்து ஆண்களை எதிர்த்து நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அழுதுகொண்டே, “அவரு இங்கயே இருக்கட்டுங்க,” என்றேன்.

“அப்ப அழுறத நிறுத்துங்க. உள்ள போற தண்ணி எவ்வளவு, வெளிய வர்ற மூத்திரம் எவ்வளவு, அளந்து எழுதுங்க.” வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை, சொட்டு விடாமல் எழுதினேன். கொழுந்தனாரைப் போலீஸ் கொண்டுபோனது. மறுநாள் ரத்தத்தை மறுபடி சோதித்து, சிறுநீரக எண் இறங்கியதைப் பார்த்த பிறகே, வீங்கிய உதட்டோடு டாக்டரம்மா ஆஞ்சியோ செய்தார். எவ்வளவு குறைவாகச் சாயம் போட முடியுமோ அவ்வளவுதான் போட்டாராம். ஓர் அடைப்பு இருந்தது, திறந்துவிட்டார். சிறுநீரகம் தப்பியது.

வழக்கைத் திரும்பப் பெறச் சொல்லிக் கெஞ்சப் போனேன். “கிட்னியப் பாக்குறது என் வேல. கேசப் பாக்குறது கோர்ட்டு வேல. அடிக்கிற கைக்குத் தண்டனை வேணும்மா,” என்றார். கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. கொழுந்தனார் தண்டனையை அனுபவித்து முடித்தார். தனக்கு நெஞ்சு படபடத்தபோது டாக்டரம்மாவிடமேதான் போய் உட்கார்ந்தார். “மரியாதை தெரியாத பொம்பளைங்க, அண்ணி. ஆனா அங்கதான் போகோணும்,” என்பார்.

டாக்டரம்மா இறந்த பிறகு, போன வாரம் பொங்கலூரில் என் தங்கையின் மாமனார் ஆஞ்சியோவுக்குக் கிளம்பினார். எல்லோரும் காரில் ஏறும்போது, மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கிய மாத்திரையை வாய்க்குக் கொண்டுபோனார். நான் அவர் கையை ஓங்கித் தட்டினேன். மாத்திரை எகிறி மண்ணில் விழுந்தது. தங்கை அலறினாள்: “அக்கா! பெரியவங்க கைய அடிக்கறே?”

“டாக்டர்கிட்டச் சொல்லிட்டுப் போடுங்க, சாமி,” என்றேன் அவரிடம். “சொல்லாமப் போட்டா மறுக்காவும் தட்டுவேனுங்க.”

அவர் போனை எடுத்துத் தன் டாக்டரைக் கூப்பிடும்வரை நான் கார்க் கதவை மறித்து நின்றேன். அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

தினமும் விளக்கேற்றி, எனக்குச் சாந்தம் கொடு என்று கேட்பது என் வழக்கம். இப்போது கேட்பதில்லை. டாக்டரம்மாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் முருகன் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.