ஆன்ட்டிக்கு ஒரு ஜோடி

பக்கத்து வீட்டு ஆன்ட்டி மெனோனைட் சபையைச் சேர்ந்தவர். பகட்டே ஆகாது என்கிற கிறிஸ்தவர்கள் அவர்கள். முதன்முறை அவர்களுடைய ஜெபவீட்டுக்குப் போனபோது, பழக்கதோஷத்தில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நுழைந்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஆன்ட்டி மட்டும் என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு என்னவோபோல் இருந்தது.

அமெரிக்காவில், சுகர் லேண்டில் எங்கள் வீடு நிற்கும் மண் ஒருகாலத்தில் அவர்களுடைய நெல்வயல். வடக்கிலிருந்து பிழைக்க வந்த சில குடும்பங்கள் தங்கள் கையாலேயே எழுப்பிய மரக்கட்டடம்தான் அந்த ஜெபவீடு. உள்ளே வாத்தியம் கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வயல்கள் விலைபோயின, பிள்ளைகள் ஊர்மாறிப் போனார்கள். கடைசியில் பெண்கள் பக்கம் மூன்றே பேர் மிஞ்சினார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு டேகேர் நடக்கிறது.

அந்த மூன்றுதான் ஆன்ட்டியை வாட்டியது. திருவிருந்து நாளில் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவுவது அவர்கள் வழக்கம். சிறுவயதிலிருந்தே ஆன்ட்டியின் ஜோடி அவருடைய அக்கா. அக்கா இறந்த பிறகு காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறார், பாவம். சபையை மூடுமுன் ஒரே ஒரு திருவிருந்து பாக்கி இருந்தது. “அன்றைக்காவது நான் தனியாக உட்காரக் கூடாது. நீ வருவாயா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பாட்டி வயசுல இருக்கறவங்க என் காலைத் தொட்டா அந்தப் பாவம் யாருக்கு?” என்று வீட்டில் குதித்தேன்.

“பெடிக்யூர் பண்ணிக்க மட்டும் காலை ஜம்முனு நீட்டுற? சும்மா போயிட்டு வா,” என்றார் கணவர். மனுஷனுக்கு எல்லாமே விளையாட்டுதான். ஆனால் ஆன்ட்டியின் முகத்தை நினைத்தால் மறுக்க மனம் வரவில்லை. முதலில் நான்தான் கழுவுவேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். பெரியவர்கள் காலைத் தொடுவது நமக்கொன்றும் புதிதில்லையே.

அன்று நல்ல வெயில். வெளியே ஃப்ரீவே இரைந்துகொண்டிருந்தது. என்னை அக்காவின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெந்நீர்த் தொட்டி என் காலருகே இருந்தது. எதிரே ஆன்ட்டி கறுப்புக் காலுறைகளைக் கழற்றினார். வறண்டு வெடித்த பாதங்கள். எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள். ‘பிள்ளையாரப்பா, தப்பாயிருந்தா மன்னிச்சுடு’ என்று ஒரு கணம் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, மண்டியிட்டு அவர் காலைத் தொட்டேன்.

ஈரமாக இருந்தது. கணுக்கால்வரை இளஞ்சூடான ஈரம், விரலிடுக்குகளிலிருந்து சொட்டியது. தொட்டித் தண்ணீரில் சிற்றலைகூட இல்லை. என் கையை நான் இன்னும் நனைக்கவே இல்லை.

நிமிர்ந்தால், ஆன்ட்டி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். “பரவாயில்லை, நீயும் கழுவு,” என்றார். “அக்கா ஒன்றும் நினைக்கமாட்டாள்.”

தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவித் துடைத்தேன். பிறகு என் முறை. எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆன்ட்டி எதிரே நாற்காலிப் பிடியை ஊன்றி மெல்ல எழுந்துகொண்டிருந்தார். அவர் இன்னும் என்னருகே வரவில்லை. அதற்குள் என் பாதத்தில் வெந்நீர் பட்டது.

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.