ஈரத்துண்டில் சாய்ந்த போன்

துறைமுக வாசலுக்குள் நுழைவதற்கான டோக்கனை லாரி ஓட்டுநர்கள் போனிலேயே எடுக்கும் இணையப் பக்கத்தைச் சோதித்தவள் நான். மில்லர்புரத்து அலுவலகத்தின் ஏசி அறையில் பத்துப் போன்களை அடுக்கி, கை படாமலே பக்கத்தைத் திறந்து பார்க்கும் நிரலை ஓடவிட்டேன். எல்லாவற்றிலும் சட்டென்று திறந்தது. ஆனாலும் ஓட்டுநர்களின் புகார் ஓயவில்லை. 'அவர்கள் போன் பழசு' என்று அறிக்கை எழுதிவிட்டு, ஒப்புக்குத் துறைமுக வாசலுக்கு நேரில் போனேன்.

உச்சி வெயில். வரிசையில் நின்ற ஓர் ஓட்டுநரின் போனில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. டோக்கன் வராவிட்டால் அவர் முறை போய்விடும்.

"போன் பழசுண்ணே" என்றேன்.

"பழசுதான் மேடம். ஆனா காலையில டக்குனு திறக்கு. வெயில்ல சுட்டுப்போச்சுன்னாதான் நவுர மாட்டேங்கு."

சொல்லிக்கொண்டே, தண்ணீர்க் கேனில் சுற்றியிருந்த ஈரத்துண்டின்மேல் போனைச் சாய்த்து வைத்தார். சற்று நேரத்தில் டோக்கன் வந்துவிட்டது.

"இங்கன எல்லாரும் இப்படித்தான் மேடம்" என்று சிரித்தார்.

மறுநாள் என் பத்துப் போன்களையும் மொட்டைமாடி வெயிலில் வைத்து அதே நிரலை ஓட்டினேன். ஏழு திணறின. பக்கத்தின் கனத்தைக் குறைக்கச் சொல்லி அறிக்கையை மாற்றி எழுதினேன். கடைசியில், 'சோதித்தவர்' என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதக் கூச்சமாக இருந்தது.