சுவரிலிருந்து முளைத்த தொட்டி

ஸ்டோக் நகரத்தில் வாஷ் பேசின்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஹேசல் பத்தொன்பது ஆண்டுகளாகப் பரிசோதகர். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பேசினையும் சிறு மரச்சுத்தியால் தட்டுவாள். ஓசையைக் கேட்டே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அவள் தட்டி அனுப்பியவை ஊரெங்கும் வெள்ளை வெளேரென்று மின்னிக்கொண்டிருக்க, அவளுடைய சொந்தக் குளியலறையில் மட்டும் 1974இல் பொருத்திய அவகாடோப் பச்சைக் குளியல் தொட்டியும் பேசினும் அப்படியே கிடந்தன.

அந்தப் பச்சை அவள் கண்ணை முதன்முதலாக உறுத்தியது 2011 செப்டம்பரில். இரண்டு தெரு தள்ளி, அதே அச்சில் கட்டிய வீட்டில் குடியிருந்த தங்கை பெவ், தன் குளியலறையைப் புதுப்பித்துவிட்டு அவளை அழைத்துக் காட்டிய நாள் அது.

“யாரை வச்சு செஞ்ச?”

“யாரையும் வைக்கலை. குழாய் இணைக்க மட்டும் ஒரு நாள் பிளம்பர் வந்தார். மத்ததெல்லாம் இந்தக் கைதான், கண்ணு.”

பள்ளிக்கூடத்தில் ஒரு பொத்தான் தைக்கத் தெரியாமல் விழித்த கை அது. ஹேசல் பேசின் மேல் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். ஓசை சுத்தமாக இருந்தது. அது அவளுக்கு எரிச்சலூட்டியது. டைல்ஸ் இடுக்குகளிலும் குறை தென்படவில்லை. எல்லாவற்றையும்விட அவளை வாட்டியது அந்த வெள்ளைத் தொட்டிதான். ஓரத்தில் இடைவெளியே இல்லாமல், சுவரிலிருந்தே முளைத்தது போல் நின்றது.

“இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எல்லாரும் இங்கயே வந்துடுங்களேன்” என்றாள் பெவ். “உனக்கும் அலைச்சல் மிச்சம்.”

ஹேசல் புன்னகைத்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த நாள் அவளுடையது. பன்றியிறைச்சியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட ‘பை’ பண்டமும் ஊறுகாய் வெங்காயமும் வைத்து மொத்தக் குடும்பத்தையும் தன் கூடத்தில் உட்காரவைக்கும் ஒரே நாள். அது போய்விட்டால் அவளுக்கென்று வேறு நாள் கிடையாது.

மறுநாளே கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். ஒரு கட்டத்துக்கு மூன்று அங்குலம் என்று கணக்கு வைத்துக் குளியலறையை வரைந்தாள். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று வரிசை போட்டுக் கணவன் கிளிஃபிடம் காட்டினாள்.

“டைல்ஸ் ஒட்டின அப்புறமா குழாய் பதிக்கப் போற?” என்றான் அவன். “குழாயை எங்க ஒளிச்சு வைப்ப? டீ கோப்பைக்குள்ளயா?”

அழித்து எழுதினாள். இடிப்பது, குழாய், பூச்சு, நீர்க்காப்பு, தொட்டி, டைல்ஸ், கடைசியில் பேசினும் கழிப்பறைக் கோப்பையும். ஆறு வாரத்தில் மூன்று முறை வரிசை மாறியது. ஒரே ஒரு கேள்விக்கு நேரே மட்டும் இடம் காலியாகவே இருந்தது: வேலை நடக்கும் ஒன்பது நாளும் எங்கே குளிப்பது? கேட்கக்கூடிய வீடு ஒன்றுதான். அந்தப் பெயரை எழுதப் பென்சில் நகரவில்லை.

நவம்பரின் முதல் ஞாயிறன்று பெவ் சூடான ஓட்ஸ் ரொட்டிகளோடு வந்தாள். சமையலறை மேசையில் நோட்டு திறந்து கிடந்தது. மூடி வைக்க நேரமில்லை.

“அடேயப்பா, பெரிய இன்ஜினியர்! தொட்டி எவ்வளவு நீளம்?”

“சுவர் அஞ்சடி ஆறு அங்குலம். அப்போ ஆயிரத்து எழுநூறு மில்லிமீட்டர் தொட்டிதானே?”

பெவ்வின் சிரிப்பு நின்றது. கூடத்தில் இருந்த கிளிஃபுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தினாள்.

“ஆர்டர் குடுத்துட்டியா?”

“நாளைக்கு.”

“நிறுத்து. அஞ்சடி ஆறுன்னா ஆயிரத்து அறுநூத்து எழுபத்தாறுதான். நம்ம ஆளுங்க சுவரை அங்குலத்துல அளப்பாங்க, சாமானை மில்லிமீட்டர்ல வாங்குவாங்க. ஒரு அங்குலம் இடிக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

பெவ் ரொட்டியைப் பிய்த்தாள், தின்னவில்லை. “என் தொட்டி உள்ளயே போகலை. பெட்டியைப் பிரிச்சாச்சு, திருப்பிக் குடுக்க முடியாது. படியில உக்காந்து அழுதேன். அப்புறம் உளியை எடுத்துச் சுவரைக் குடைஞ்சு, முனையை உள்ள சொருகி, மேல டைல்ஸ் ஒட்டி மறைச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லாத.”

ஹேசலின் நெஞ்சு முதலில் குளிர்ந்தது. பத்தொன்பது ஆண்டு தட்டிக் கேட்டுப் பழகிய காது கோட்டை விட்ட விரிசல், இதோ தானாக வாய் திறந்திருக்கிறது. அடுத்த கணமே முன்னைவிட மோசமாக எரிந்தது. தப்புப் பண்ணிக்கூட இவளுக்கு அழகாக அமைகிறதே!

“நான் சொல்ல மாட்டேன்” என்றாள் நிதானமாக. “கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எல்லாரும் எங்க வர்றாங்க, பெவ்?”

பெவ் அவளையே பார்த்தாள். “அடிப்பாவி!”

“இறைச்சிப் பை நான் செய்யுறேன். நீ இனிப்பு கொண்டா.”

“சரி, உன் வீடே இருக்கட்டும். ஆனா இந்தக் காலி இடம் என்ன? ஒன்பது நாளும் எங்க குளிப்ப?”

இந்த முறை முகம் சிவந்தது ஹேசலுக்கு. பென்சிலை எடுத்து, காலியிடத்தில் ‘பெவ் வீடு’ என்று சிறிய எழுத்தில் எழுதினாள்.

“ஆயிரத்து அறுநூத்து எழுபத்தஞ்சுலயும் தொட்டி விக்குது. சொல்லி வச்சா வரும்” என்றாள் பெவ். “குறிச்சுக்கோ. அழகா உக்காரும்.”

ஹேசல் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆயிரத்து எழுநூறு என்று எழுதியிருந்ததை அழிக்கவில்லை; அடியில் கோடு போட்டாள்.

“உன் உளியைக் குடு” என்றாள்.