செருப்பின் பின்வார்

காலை ஐந்தே முக்கால். மதுரை மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் நான் முதலில் பார்த்தது என் அண்ணனின் குதிகால்களை. போர்வை எட்டாமல் வெளியே நீண்டிருந்தன. இரண்டிலும் குதிகாலுக்கு மேலே நரம்பு தடித்து, நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது.

எங்களுக்கு அது புதிதில்லை. அப்பாவுக்கும் இருந்தது. நடந்து நடந்து வந்த காய்ப்பு என்பார்கள். எங்கள் ஊரான எழுமலையில் வீட்டுக்குச் செருப்பு வாங்கினால், கடையிலேயே பின்வாரை வெட்டிவிடுவது வழக்கம். அப்பா நாற்பத்தைந்து வயதில் வயலில் விழுந்து இறந்தார். வெயில் அடித்துவிட்டது என்றார்கள்.

மாரடைப்பிலிருந்து அண்ணன் பிழைத்துக்கொண்டார். மறுநாள் மருத்துவர் அவருடைய குதிகாலை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன்டா, நெஞ்சு வலின்னு வந்தா இவரு காலுக்கு வைத்தியம் பாக்குறாரு" என்றார் அண்ணன்.

"இது காய்ப்பு இல்லைங்க, கொழுப்பு" என்றார் மருத்துவர். ஒரு மரபணுவில் மாற்றம். அதனால் கெட்ட கொழுப்பு பிறந்ததிலிருந்தே ரத்தத்தில் தேங்குகிறது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம். மாத்திரை உண்டு. கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அண்ணன் மகளை அக்கா மகனுக்குப் பேசி வைத்திருப்பதைச் சொன்னேன். மருத்துவர் பேனாவை மூடினார். "ரெண்டு பேருக்கும் இருந்தா, பிறக்கிற பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து வரலாம். அப்படி வந்தா பள்ளிக்கூட வயசுலயே அட்டாக் வரும்."

எனக்கு இல்லை என்று வந்தது. அக்கா ரத்தம் கொடுக்க மறுத்துவிட்டாள். அவள் குதிகாலிலும் அந்தப் புடைப்பு உண்டு.

"எங்கண்ணன் மகள எம்மகன் கட்டுறதுக்கு டெஸ்ட்டா? வியாதிக்காரக் குடும்பம்னு ஊரு சிரிக்கவா? நீ பேப்பர்ல எழுதுறத வீட்டுக்குக் கொண்டு வராத, தம்பி."

அண்ணனோ நிச்சயத்தைச் சீக்கிரமே வைக்கச் சொன்னார். "நான் கண்ண மூடுறதுக்குள்ள அவள ஒருத்தன் கையில குடுத்துரணும்டா." மகளை ரத்தம் கொடுக்க அனுப்பச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா மகன் மதுரையிலிருந்து போன் செய்தான். "மாமா, எனக்கு இருக்கு. மாத்திரை ஆரம்பிச்சுட்டேன். அம்மாட்ட சொல்லிராதீங்க."

"அண்ணன் மகளையும் ரத்தம் குடுத்துப் பாக்கச் சொல்லு, மாப்ள."

"நான் சொன்னா, புடிக்காமத்தான் சாக்கு சொல்றேன்னு நெனப்பா. நீங்க சொல்லுங்க."

நான் ஒரு வாரம் சொல்லவில்லை.

அண்ணனால் வர முடியாததால், நிச்சயத்துக்குச் செருப்பு எடுக்க அவர் மகளுடன் உசிலம்பட்டிக்கு நான் போனேன். தங்கநிறப் பட்டை வைத்த ஜோடி ஒன்றை எடுத்தாள். போட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து கழற்றினாள்.

"பின்வார வெட்டிக் குடுங்கண்ணே. கடிக்குது."

"இம்புட்டு வெலைக்கு வாங்கி வெட்டச் சொல்றியேம்மா" என்றபடி கடைக்காரர் கத்தரியைத் தேடினார்.

"என்ன சித்தப்பா, காலையே பாக்குறீங்க?"

அங்கேயே சொன்னேன், மருத்துவர் சொன்ன எல்லாவற்றையும். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"மச்சானுக்கு இருக்கா?"

"இருக்கு."

அதே தெருவில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று இருந்தது. மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும்.