ஒருவருக்கு ஆறு நிமிடம்

எங்கள் பதிகக் குழுவின் செயலாளரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படிப்பவர் அதற்கேற்ப எடை போட்டுக்கொள்ளட்டும். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். தி.நகரில் இன்றும் டியூஷன் எடுக்கிறார். நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு மண்டபத்தில் கூடுவோம். ஆளுக்கொரு பதிகத்தை ஏடு பாராமல் பண்ணோடு பாடுவோம். பாட்டு முடியும்போது முடியும். அதற்கு மேல் நேரத்தைப் பற்றி எவரும் பேசியதில்லை.

சென்ற ஆண்டு மண்டபத்தார், மாலையில் ஒரு வரவேற்பு இருப்பதால் இரண்டு மணிமுதல் ஐந்துவரைதான் இடம் என்றார்கள். எங்களுக்கு வருத்தம், செயலாளருக்கோ கொண்டாட்டம். ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பாடறவங்க முப்பது பேர். ஒருத்தருக்கு ஆகற நேரம் எக்ஸ்னு வச்சுக்குங்க. முப்பது எக்ஸ் நூத்தியெண்பதைத் தாண்டக் கூடாது. அப்ப எக்ஸ் ஆறைத் தாண்டக் கூடாது. ஆறு நிமிஷம் ஆச்சுன்னா மணி அடிப்பேன்."

பலகையில் 30x ≤ 180 என்று எழுதி, அதன் கீழே x ≤ 6 என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

"எக்ஸுன்னா இன்னாங்க?" என்று முன்வரிசையில் ஓர் அம்மையார் கேட்டார்.

"என்னன்னு தெரியாத பொருள்மா. நம்ம சார் கும்புடற சாமி மாதிரி," என்று என்னைக் கை காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அறியவொண்ணாதவன் என்று பாடிப்பாடிக் கசிந்தவர்களின் சொல்லை நாள்தோறும் ஓதுகிறவன் நான். அவர்கள் எவரும் அவனை ஆறுக்குள் அடைத்து அடிக்கோடிட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கோபத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. முப்பது பேரில் என் மனைவியும் ஒருத்தி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து, கை தேறியது; பேச்சு தேறவில்லை. தண்ணீர் கேட்க நினைத்து வேறேதோ சொல்லி, அது தவறென்று தானே உணர்ந்து வாயை மூடிக்கொள்வாள். அடையாற்றில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். ஆனால் சிறுவயதில் மனத்தில் பதிந்த ஒரு பதிகம் மட்டும் சிதையாமல் வந்தது. பதினோரு பாட்டு, பாட்டுக்கு ஒரு நிமிடம் போல, மெல்ல. நடுவில் தடை வந்தால் நின்ற இடத்திலிருந்து அவளால் தொடர முடியாது. முதற்பாட்டின் முதற்சொல்லுக்குத் திரும்பியாக வேண்டும். நோய் வந்ததுமுதல் அவள் பிறர் முன்னிலையில் வாய் திறந்ததில்லை. அந்த ஆண்டு தானே தன் மார்பைத் தொட்டுக்காட்டி, தன் பெயரையும் கொடுக்கச் சொன்னாள்.

பள்ளியோடு விட்ட இயற்கணிதத்தை அந்த வாரம் பகையின் துணையோடு மறுபடி படித்தேன். செயலாளரின் பிழை மெல்லப் புலப்பட்டது. முப்பது பேரின் நேரத்தையும் கூட்டினால் வருவது நூற்றெண்பதைத் தாண்டக் கூடாது. மண்டபம் கேட்பது அவ்வளவே. ஒவ்வொருவரும் ஆறைத் தாண்டக் கூடாது என்பதை மண்டபம் கேட்கவில்லை, அவர் கேட்கிறார். முப்பது பேருக்கும் ஒரே x எப்படிப் பொருந்தும்? குறுகிய அடிகளால் ஆன பதிகம் நாலு நிமிடத்தில் முடியும். நெடிய அடிகள் நடந்து செல்லும் தாண்டகத்துக்கு ஆறு வேண்டும். யார் எதைப் பாடுவார் என்பதை நான் அறிவேன். குறுகிய அடி இருபது பேர், நெடிய அடி ஒன்பது பேர், என் மனைவி ஒருத்தி.

அடுத்த கூட்டத்தில் அவருடைய பலகையிலேயே எழுதினேன்: 20 × 4 + 9 × 6 + 11 = 145. அருகில், 145 < 180.

அவர் அதை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்கு கரெக்ட் சார். பத்துக்குப் பத்து போடலாம். ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. ரூல்னா ரூல்."

"நடுவுல நிறுத்தினா அவளால தொடர முடியாது. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அன்னிக்குப் பாத்துக்கலாம் சார்."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று அவள் பாடத் தொடங்கியதும் மண்டபம் அடங்கியது. குரல் மெலிந்திருந்தது, ஆனால் ஒரு சொல்லும் இடறவில்லை. ஆறாம் பாட்டின் இறுதி அடியில் மணி அடித்தது. அவள் நின்றாள். அடுத்த சொல்லைத் தேடி உதடுகள் அசைந்தன. வீட்டில் நாள்தோறும் நான் காணும் தேடல் அது. அன்று அதை மண்டபம் முழுதும் கண்டது. பிறகு கண்களை மூடிக்கொண்டு, முதற்பாட்டின் முதற்சொல்லை எடுத்தாள்.

செயலாளர் செல்போனில் நேரத்தை மறுபடி ஓடவிட்டார். மீண்டும் ஆறாம் பாட்டு நெருங்கியபோது அவர் கை மணியை நோக்கிப் போவதைப் பார்த்தேன். எழுந்துபோய் அவர் அருகில் அமர்ந்து, மணியின் நாவை உள்ளே இரு விரலால் பிடித்துக்கொண்டேன். பூசை மணி அது. ஒலிக்கவிடாமல் அதைப் பற்றியது என் ஆயுளில் அன்று மட்டும்தான்.

"விடுங்க சார்," என்றார் தணிந்த குரலில்.

"மாட்டேன்."

"இந்த வயசுல இது நல்லாவா இருக்கு?"

"உங்களுக்கும் அதே வயசுதான்."

அவர் பிடியை இழுத்தார். நான் நாவை விடவில்லை. எங்கள் இருவர் கைகளுக்கும் அப்பால் ஏழாம் பாட்டு வந்தது. எட்டு வந்தது. பதினொன்றும் முடிந்து அவள் கைகூப்பிய பின்னரே விரல்களை எடுத்தேன்.

"பதினேழு நிமிஷம். பதினொண்ணு ஓவர்," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"அதுல ஆறு உங்க மணியோட கணக்கு."

மற்றவர்களும் பாடி முடித்தார்கள். மண்டபத்துக் காவலாளி எட்டிப் பார்த்தார். "இன்னா சார், அதுக்குள்ள முட்ச்சிட்டீங்களா? அஞ்சாவறதுக்கு இன்னும் டைம் கீதே." செயலாளர் கேட்காதவர்போல் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒருபோதும் வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் அவரோடு பேசுவதில்லை. கோயிலில் எதிர்ப்பட்டால் பிரகாரத்தின் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறேன். சந்நிதியில் நிற்கும்போது இதற்காக வெட்கப்பட முயன்றிருக்கிறேன். வெட்கம் வரவில்லை.

சென்ற வாரம் இந்த ஆண்டுக்கான அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதே மண்டபம், அதே நேரம், ஒருவருக்கு ஆறு நிமிடம், மணி உண்டு. என் கூட்டுத்தொகையை மறுபடி எழுதி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக இட்டார். சம்மதமா, ஏளனமா என்று அறிய வழியில்லை.

என் மனைவி போனை என் கையிலிருந்து வாங்கினாள். எழுத்து எழுத்தாகத் தேடித் தன் பெயரை இட்டாள். அதன் எதிரே 11 என்று தட்டி, என்னைக் கேளாமலே அனுப்பிவிட்டாள்.

அதற்கு அவர் இன்னும் பதில் எழுதவில்லை.