மேல்தோல் வெடித்த பிரவுனி

மேலே வெடிப்பு விட்டால் பிரவுனி பாழ் என்று நம்பியவன் நான். ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன் வேறெப்படி நம்புவான்? தோலில் வெடிப்பைக் கண்டால் ரிஜெக்ட் போட்டே பழகிய கை.

மறுநாள் டீ நேரத்துக்கு என் கையாலேயே பிரவுனி செய்து வருவதாக வேலையிடத்தில் வாய்விட்டிருந்தேன். சாக்லேட் ஹேசல்நட் கிரீம், முட்டை, மைதா மூன்றையும் கலந்து ஓவனில் வைத்தேன். வெளியே எடுத்தால் தட்டு முழுக்க வெடிப்பு. பழக்கதோஷத்தில் கை சட்டைப்பையில் ரிஜெக்ட் குறி போடும் சாக்பீஸைத் தேடியது.

"அவ்ளோ பேஜார்னா பேக்கரில வாங்கிக்கினு போங்க," என்றாள் மனைவி.

"மாட்டேன். ரிஜெக்ட்டே ஆனாலும் என் சரக்குதான் போவும்."

மறுநாள் டப்பாவைத் திறந்ததும் நானே முந்திக்கொண்டேன். "வெடிச்சிருக்குது. துன்றவன் துன்னு, இல்லாட்டி கம்முனு இரு."

பக்கத்து மேசை தோஸ்த் ஒரு துண்டை எடுத்து, தோலைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேக்கரில வாங்கிட்டு கதை உடறியா? மேல இப்டி வெடிச்சாதான்டா நல்ல பிரவுனி. உனக்கு எப்டி வரும்?"

சத்தியம் செய்து பார்த்தேன். டப்பா காலியாகிவிட்டது; நான் செய்தேன் என்பதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.