ஆடுதின்னாப் பருத்தி

பருத்தி எடுத்து முடிந்த காட்டில் ஆடுகளை மேயவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கணியூருக்கு அருகே என் மனைவியின் தம்பி அப்படி ஆடு விட்டிருந்தபோது, எல்லாச் செடியையும் மொட்டையடித்த ஆடுகள் ஒரே ஒரு செடியை மட்டும் மோந்துவிட்டு விலகிப் போயின. தொட்டுப் பார்த்தால் இலையின் அடியில் சொரசொரவென்று முடி. அந்தச் செடியின் விதையை அவர் தனியாக விதைத்துப் பார்த்தார். தத்துப்பூச்சியும் அதை அண்டவில்லை. மருந்தடிக்காமலே காய் பிடித்தது. சில வருடங்களில் ஒரு பானை விதை சேர்ந்தது. ஆடுதின்னாப் பருத்தி என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்.

அப்போது எண்பதுகளின் கடைசி. நான் வேதியியல் படித்தவன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியும், துணி வெளுக்கிற சலவைப் பட்டறையும் வைத்திருந்தேன். ஆர்டர் பெருகிக்கொண்டிருந்தது. நம்பி விட்டுவிட்டுப் போக வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்துவிடச் சொல்லி மைத்துனரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

"இந்தப் பருத்தியச் சோதனைக்கு எடுத்துக்கிட்டாங்கன்னா நான் காட்லயே இருந்துக்கறனுங்க மச்சான். ஆகாதுன்னு சொல்லிட்டாங்கன்னா மூட்டையக் கட்டிட்டு உங்க கம்பெனிக்கே வந்தர்றன்," என்றார்.

சோதனை என்பது லேசான காரியமில்லை. வெளியூரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் விதை மாதிரியையும் ஒரு பிடி பஞ்சையும் கொடுக்க வேண்டும். முதலில் முளைப்பு பார்ப்பார்கள், அடுத்து பஞ்சின் இழை நீளம். தேறினால் பல ஊர் மண்ணில் போட்டுப் பார்த்து, பிறகுதான் புது ரகம் என்று பதிவு செய்வார்கள். வியாபாரமாக அந்த ஊருக்கு நான் அடிக்கடி போவேன் என்பதால் மாதிரியை என்னிடம் கொண்டுவந்தார்.

கொண்டுவந்தது ஒரு பழைய மஞ்சப்பையில். ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்த பை. நிலையத்து ஆபீசர் மேசையில் அதை வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பட்டறையில் வெளுத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து ஒரு துண்டை எடுத்துவரச் சொன்னேன். கடைசி அலசல் இன்னும் ஆகவில்லை என்றார்கள். பரவாயில்லை என்று பிழிந்து, ஃபேன் காற்றில் அரைகுறையாக உலர்த்தி, பையாகத் தைக்க வைத்தேன். அப்படியொரு வெள்ளை. திருப்பூர்க்காரனுக்கு வெள்ளையாக இருந்தால் சுத்தம்.

"ஏனுங்க மச்சான், வெதையக் கொண்டுபோய்க் குடுக்கப் போறீங்களா, பொண்ணுப் பாக்கக் கூட்டிட்டுப் போறீங்களா? வெள்ளை வேட்டியெல்லாம் கட்டி உடறீங்க," என்று சிரித்தார் மைத்துனர்.

"பேசாம இரு மாப்ளே. பாக்கறதுக்கு லட்சணமா இருக்கோணும்."

அந்தச் சிரிப்பைத்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். வாயை முழுக்கத் திறந்து, தோளைக் குலுக்கிச் சிரிப்பார். என்னை அப்படிக் கேலி பேச வேறு ஒருவரும் இருந்ததில்லை.

அடுத்த மாதம் போனபோது ஆபீசர் என் முன்னால் ஒரு தட்டை வைத்தார். ஈரத்தாளின் மேல் விதைகள் கறுத்து, பூசணம் பிடித்துக் கிடந்தன. பையை எடுத்து மோந்து பார்த்தார்.

"பிளீச்சிங் நெடி அடிக்குதே சார். துணியில மருந்தும் ஈரமும் இருந்திருக்கு, விதை செத்துப்போச்சு. இன்னும் நாள் இருக்கு. வீட்ல இருக்கற விதையில கொஞ்சம் அப்படியே கொண்டாங்க, திரும்பப் பார்த்துரலாம்."

கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். ஊர் திரும்பும் பஸ்ஸில் தாராபுரம் வரும் வரைக்கும் அந்த எண்ணம்தான். அதற்குப் பிறகு, கம்பெனியில் காலியாக இருந்த நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது.

கணியூர் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தவரிடம், "இழை நீளம் பத்தாதாம் மாப்ளே. நூலுக்கு ஆகாதுன்னுட்டாங்க," என்றேன்.

நூலைப் பற்றிப் பனியன் கம்பெனிக்காரன் சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது? காட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "செரீங்க மச்சான், வந்தர்றனுங்க," என்றார்.

சொன்னபடியே வந்தார். பட்டறையையும் கணக்கையும் அவர் பார்த்துக்கொள்ள, தொண்ணூறுகளில் கம்பெனி நன்றாக வளர்ந்தது. ஆட்களுக்கு முன்னால் மச்சான் என்று உறவு சொல்லிக் கூப்பிட்டால் மரியாதையில்லை என்று என்னை 'மொதலாளி' என்றார். நாளாக நாளாக வீட்டிலும் அதுவே வாயில் வந்தது. நான் தடுக்கவில்லை. கேலியும் நின்றுபோயிருந்ததை வெகுகாலம் கழித்துத்தான் கவனித்தேன்.

எனக்கு வயதாகி, கம்பெனியைப் பிள்ளைகளிடம் விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வருவார். போன வருடம் அப்படி வந்த ஒரு நாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைப் பை, கறுத்த விதை, ஆபீசர் சொன்னது, நான் சொன்னது.

"அப்ப இழை நீளத்தப் பாக்கவே இல்லீங்களா?" என்றார்.

"இல்லை மாப்ளே."

"வேற வெதை கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "ஊட்ல ஒரு பானை இருந்துச்சுங்களே. ஆகாதுன்னீங்கன்னு அத்தனையும் எருமைக்கு ஆட்டி வெச்சுட்டனே."

கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்க எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். "வர்றனுங்க," என்று எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். இப்போதும் வருகிறார். அக்காவோடு பேசுகிறார், பேப்பர் படிக்கிறார். என்னிடம் ஏதாவது கேட்பதென்றால் 'ஏனுங்க' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். முதலாளி என்பதை விட்டுவிட்டார். கம்பெனிக்கு வருவதற்கு முன்பெல்லாம் அந்த 'ஏனுங்க'வுக்குப் பின்னால் ஒரு சொல் வரும். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அது வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.